உள்ளறையில் தூங்கும் லின்ஸி

கோட்டயம் பக்கத்து உழவூர்ச் சந்தையில் போய் சிபிச்சன் வீடு எது என்று கேட்டால் ஒருவரும் சட்டென்று சொல்லமாட்டார்கள். "லின்ஸி நர்ஸோட புருஷன்" என்று கேட்டுப் பாருங்கள், மீன் வெட்டுகிறவர்கூடக் கத்தியாலேயே வழி காட்டுவார். பள்ளிக்கூடத்தில் கணக்குக்குப் பரிசு வாங்கியவன், பாலிடெக்னிக் முடித்தவன், கொஞ்ச காலம் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவன் என்பதெல்லாம் அழிந்துபோய், நாற்பதை நெருங்கும் வயதில் அவனுக்கு மிஞ்சியது இந்த ஒரு விலாசம்தான்.

எங்கள் பக்கத்தில் இப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சமே இல்லை. மனைவி அயர்லாந்திலோ ஆஸ்திரேலியாவிலோ ஏதோ ஒரு வார்டில் நின்றுகொண்டிருப்பாள். இவன் ரப்பர் மரங்களுக்கு மழை படாமல் பிளாஸ்டிக் கட்டிக்கொண்டு, அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை வாங்கிக்கொண்டு நாளை ஓட்டுவான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் குர்பானா பூசைக்குக் கடைசி வரிசையில் நிற்பான். 'உனக்கு எப்பப்பா விசா?' என்ற கேள்விக்குப் பயந்து, பாதிரியார் கடைசி ஆசீர்வாதத்துக்குக் கையைத் தூக்கும்போதே பைக்கைக் கிளப்பிவிடுவான். சிபிச்சனும் அப்படித்தான் கிளம்பினான். ஊர் சிரித்தது. ஊருக்கு வேறு என்ன வேலை?

ஆனால் இன்னொரு இடத்தில் சிபிச்சனுக்குப் பெயர் இருந்தது. அந்த இடம் கம்ப்யூட்டருக்குள் இருந்தது. 'தீவு' என்று ஒரு ஆட்டம். உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ நூற்றுக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் ஆன்லைனில் இறங்கி ஆடுவது. உடம்பில் துணியில்லாமல், கையில் ஒரு கல்லோடு கடற்கரையில் கண் விழிக்க வேண்டும். பசிக்கும், குளிரும், தாகமெடுக்கும், கரடி துரத்தும். கரடியிடம் தப்பினால் மனிதர்கள் துரத்துவார்கள். உயிரோடு இருப்பதுதான் ஆட்டம், ஜெயிப்பது என்று ஒன்று அதில் கிடையாது. மாதத்தின் முதல் வியாழக்கிழமை, கட்டிய வீடு, சேர்த்த பொருள் எல்லாவற்றையும் ஆட்டத்தை நடத்துகிற கம்பெனியே அழித்துவிடும். மறுபடி கடற்கரை, மறுபடி கல். எங்கள் பையன்கள் அதற்குப் 'பிரளயம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். வெள்ளம் பார்த்த ஊர்க்காரர்களுக்கு வேறு பெயர் தோன்றாது.

அந்தத் தீவில் சிபிச்சன் ஓர் ஆசான். சுடுவதில் கெட்டிக்காரன் இல்லை. சாகாமல் இருப்பதில் அவனை அடிக்க ஆளில்லை. புதிதாக வருகிறவர்களுக்காக மலையாளத்தில் வீடியோ போடுவான். கொண்டோட்டியிலிருந்து தோஹா வரைக்கும் பையன்கள் அதைப் பார்த்துவிட்டு, "இச்சாயா, நீங்க இல்லேன்னா நான் மொத நாளே செத்திருப்பேன்" என்று கீழே எழுதுவார்கள். அண்ணனையும் புருஷனையும் எங்கள் பக்கத்தில் இச்சாயா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த வரிகளைச் சிபிச்சன் திரும்பத் திரும்பப் படிப்பான். அவனிடம் அப்படிச் சொல்ல வேறு யார் இருந்தார்கள்?

"மோனே, முழிச்ச உடனே கடலைப் பாத்துக்கிட்டு நிக்காத, நீ டூர் வரலை" என்று தொடங்குவான். "மொதல்ல ஒரு பாய் விரி. செத்தா அந்தப் பாயிலதான் திரும்ப முழிப்ப. பாய் போடாதவனுக்கு மறுபடி கடற்கரை, மறுபடி அம்மணம். வீட்டைச் சின்னதா கட்டு. உன் மாமனார் பாக்க வரப்போறதில்லை. ரெண்டு கதவு வை, ஒண்ணைச் சாத்திட்டுத்தான் இன்னொண்ணைத் தொறக்கணும். இருட்டினப்புறம் அடுப்பு மூட்டாத, புகையைப் பாத்து விருந்தாளி வருவான். கையை ஆட்டிக்கிட்டு வர்றவனை நம்பாத. கதவுப் பூட்டோட நம்பரைப் புதுசா வந்தவனுக்குக் குடுக்கவே குடுக்காத, அவன் உன் கூடப்பொறந்தவனா இருந்தாலும் சரி. அப்படியும் எல்லாம் போச்சா? போகட்டும். அழாத. கல்லை எடு, மறுபடி ஆரம்பி."

இதில் கடைசியாகச் சொன்னதை மட்டும் அவனே தன் காதில் போட்டுக்கொண்டிருந்தால் இந்தக் கதையை நான் சொல்ல வேண்டியிருக்காது.

லின்ஸி போன வருஷம் மழைக்கு முன்னால் அயர்லாந்துக்குப் போனாள். நெடும்பாசேரி ஏர்போர்ட்டில் பெட்டியை உருட்டிக்கொண்டு உள்ளே போகும்போது திரும்பி வந்து அவன் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு, "ஆறே மாசம் இச்சாயா. வீடு பாத்த உடனே உங்க விசாவுக்குப் பேப்பர் போட்டுடறேன்" என்றாள். அவனுடைய பாஸ்போர்ட் நகல், சர்ச்சில் வாங்கிய கல்யாணச் சான்று, போட்டோ எல்லாம் அவளிடம் அப்போதே போய்விட்டன. குழந்தை இல்லாத வீடு. அவளும் போன பிறகு சிபிச்சனும் அவன் அம்மாவும் மட்டும் மிஞ்சினார்கள். அம்மாவை அவன் அம்மச்சி என்பான்.

முதலில் எல்லாம் லின்ஸி அங்கே சமைக்கும்போது போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் பேசுவாள். அம்மச்சி எட்டிப் பார்த்து, "கறியில தேங்கா அரைச்சு விடலையாடீ?" என்பாள். பிறகு பேச்சு குறைந்தது. நைட் டியூட்டி முடிந்து வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே, "டயர்டா இருக்கு இச்சாயா, நாளைக்குப் பேசட்டுமா?" என்பாள். பேப்பர் என்னாச்சு என்று கேட்டால், "வீடு சரியா அமையல, கொஞ்ச நாள் போகட்டும்" என்பாள். கொஞ்ச நாள் போனது, இன்னும் கொஞ்ச நாள் போனது. சிபிச்சனுக்கு உள்ளுக்குள் அரித்தது. தன்னை அங்கே கூப்பிட்டுக்கொள்ள மறந்துவிட்டாளா, இல்லை கூப்பிட மனமே இல்லையா? அந்த ஒரு கேள்விதான் அவனுடைய நாளெல்லாம். வாய்விட்டுக் கேட்கத் தைரியம் வரவில்லை.

அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. பேசுவதற்கு விஷயம் இல்லாவிட்டால் என்ன, சேர்ந்து கொஞ்சம் விறகு வெட்டலாமே! போனில் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்து அவளுடைய லேப்டாப்பில் தீவை இறக்க வைத்தான்.

"ஐயோ இச்சாயா! எனக்குத் துணியே இல்ல!" என்று கத்தினாள் லின்ஸி, முதல்முறை கடற்கரையில் விழித்தபோது.

"இங்க யாருக்குமே இல்ல கொச்சே. கல்லை எடுத்துக்கிட்டு ஓடி வா."

"இருங்க, சூரியன் உதிக்குது. எவ்வளவு அழகா இருக்கு!"

"சூரியன் தெனமும் உதிக்கும். வாடீ!"

வரவில்லை. நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எவனோ ஒருவன் கையை ஆட்டிக்கொண்டு வந்தான், பசிக்கிறது என்றான். பொறுக்கி வைத்திருந்த காளானை எல்லாம் அவனுக்குக் கொடுத்தாள். அவன் தின்று முடித்துவிட்டு அவள் தலையில் கல்லைப் போட்டான். சிபிச்சன் விழுந்து விழுந்து சிரித்தான். அவளும் சிரித்தாள். அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து அப்படிச் சிரித்து எத்தனை காலம் ஆகியிருந்தது! அன்றைக்கு அம்மச்சி வைத்த கப்பக்கிழங்கையும் மீன்கறியையும் அவன் இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

அயர்லாந்தில் விடிந்து அவள் டியூட்டி முடிந்து வரும்போது உழவூரில் மதியச் சோறு முடிந்திருக்கும். தூங்கப் போவதற்கு முன்னால் லின்ஸி கொஞ்ச நேரம் தீவுக்கு வருவாள். அவளைப் பத்திரமாகத் தன் வீட்டுக்குள் கொண்டு வந்து சேர்த்தான் சிபிச்சன். அவனும் ஷமீலும் இன்னும் சிலரும் சேர்ந்து கட்டிய வீடு அது. ஷமீல் கொண்டோட்டிக்காரன், டைல்ஸ் ஒட்டுகிற வேலை, மழை பெய்து வேலை நின்றால் பகல் முழுக்கத் தீவில்தான் கிடப்பான். கதவுக்குள் கதவாக, சுவருக்குள் சுவராகக் கட்டிய அந்த வீட்டின் நடுவில், ஜன்னல் இல்லாத உள்ளறையில் லின்ஸிக்கு இடம் கொடுத்தான். பெட்டிகளில் கல்லைத் தனியாக, மரத்தைத் தனியாக, துணியைத் தனியாகப் பிரித்து வைப்பது அவள் வேலை.

"இச்சாயா, அந்தப் பக்கம் பனிமலை இருக்காமே, போய்ப் பாத்துட்டு வரட்டுமா?"

"ரெண்டாவது சுவர் முடியட்டும்."

"குதிரை பிடிக்கலாமாமே?"

"அப்புறம். வெளிய போனா செத்துடுவ."

"கதவு நம்பராவது சொல்லுங்க. நீங்க இல்லாதப்ப நான் வெளிய போக முடியலையே."

"அப்புறம் சொல்றேன். நீ தொறந்து போட்டுட்டுப் போயிடுவ. புதுசா வந்தவங்களுக்கு நம்பர் கெடையாது, எங்க சட்டம் அது."

"ஊர்ல மாதிரி இங்கயும் நான் ஸ்டோர் ரூம்லதானா?" என்று லின்ஸி சிரித்தாள்.

சிரிக்கிறாள் என்றுதான் அவனும் எடுத்துக்கொண்டான். அவள் ஒருமுறைகூடச் சாகாமல் பார்த்துக்கொள்கிறான், இதைவிட ஒரு புருஷன் என்ன செய்வான்? உள்ளபடியே அவன் அப்படித்தான் நினைத்தான். அவனைக் கெட்டவன் என்று நான் சொல்லமாட்டேன். கெட்டவனாக இருந்திருந்தால் அவளுக்கும் சுலபமாகப் போயிருக்கும்.

ஒருநாள் லின்ஸி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. "வார்டுல ஆள் இல்ல இச்சாயா, டபுள் டியூட்டி" என்று செய்தி வந்தது. அப்புறம் அந்தச் செய்திகூட வரவில்லை.

தீவில் ஒரு விஷயம் உண்டு. ஆடுகிறவர் கம்ப்யூட்டரை மூடிவிட்டால் அவருடைய உருவம் மறைந்துபோகாது. நின்ற இடத்திலேயே படுத்துத் தூங்கிவிடும். எவன் வேண்டுமானாலும் வந்து வெட்டிப்போடலாம். வெட்டாவிட்டாலும் அதற்குப் பசிக்கும். பல நாள் யாரும் கவனிக்காவிட்டால் தூக்கத்திலேயே செத்துப்போகும். கூட இருக்கிறவர்கள் அதன் பையில் சாப்பாடும் தண்ணீரும் வைத்தால், தூங்கியபடியே அது உண்டு உயிர் பிழைத்துக் கிடக்கும்.

லின்ஸி உள்ளறையில் பெட்டிகளுக்கு நடுவே ஒருக்களித்துப் படுத்துத் தூங்கினாள். சிபிச்சன் தினமும் மான் வேட்டையாடி, கறி சுட்டு, அவள் பையில் வைத்தான். தண்ணீர் வைத்தான். தீவில் குளிர் கூடியபோது கரடித்தோலில் உடுப்புச் செய்து போட்டுவிட்டான். தீர்ந்துபோகும் முன்பே புதுக் கறி வைப்பான், பழையதை எடுக்கவும் மாட்டான். பை நிறைந்து வழிந்தது.

ஒரு மதியம் அம்மச்சி கட்டன்காப்பி கொண்டுவந்தவள் கண்ணாடியை மூக்கில் இறக்கி அந்தத் திரையைப் பார்த்தாள்.

"அது யாருடா படுத்துக் கெடக்கறது?"

"லின்ஸி."

"என்னாச்சு அவளுக்கு? காய்ச்சலா?"

"ஒண்ணுமில்ல அம்மச்சி. தூங்கறா."

"எத்தனை நாளா தூங்கறா? எழுப்புடா!"

"நான் எழுப்ப முடியாது. அவளா முழிக்கணும்."

அம்மச்சி காப்பியை வைத்துவிட்டு அவன் தலையை ஒருமுறை தடவினாள். அந்த வீட்டில் தலை தடவுகிற வழக்கமெல்லாம் கிடையாது. பிறகு சமையலறைக்குப் போய் வேண்டுமென்றே பாத்திரங்களைச் சத்தமாக உருட்டினாள். காப்பி ஆறிப்போனது.

மழை ஓய்ந்து எல்லோரும் வேலைக்குப் போய்விட்ட ஒரு பகலில் வீட்டை உடைக்க ஆட்கள் வந்தார்கள். வெடி வைத்து வெளிச்சுவரைத் தகர்த்தார்கள். உள்ளே சிபிச்சன் மட்டும். வெளி அறையில் கூட்டாளிகள் மாதம் முழுக்கச் சேர்த்த துப்பாக்கிகள் இருந்தன. அவற்றை அள்ளிக்கொண்டு பின்வழியாக ஓடிவிட்டால் பாதியாவது மிஞ்சும். அவனுடைய வீடியோவைப் பார்த்த எவனும் அதைத்தான் செய்வான். சிபிச்சன் அதைச் செய்யவில்லை. கையிலிருந்த இரும்பையும் கல்லையும் எல்லாம் கொட்டி உள்ளறைக் கதவுக்கு முன்னால் சுவர் எழுப்பினான். உடைக்க உடைக்க எழுப்பினான். வந்தவர்கள் சலித்துப்போய்த் துப்பாக்கிகளை மட்டும் வாரிக்கொண்டு போனார்கள்.

சாயங்காலம் வேலை முடிந்து வந்த ஷமீல் கொதித்துவிட்டான்.

"என்ன பண்ணி வச்சிருக்கீங்க இச்சாயா? அத்தனையும் போச்சே! எதைக் காப்பாத்தினீங்க? அந்த உடம்பையா?"

"லின்ஸி உள்ள இருந்தா."

"செத்தா கடற்கரையில முழிச்சுக்குவாங்க! நீங்கதானே எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தீங்க!"

"அவ முழிக்கறப்ப நான் பக்கத்துல இருக்கணும்டா."

"சேச்சி வரவேமாட்டாங்க இச்சாயா. உங்களுக்குத் தெரியலையா?"

சொல்லிவிட்டு ஷமீலே வாயை மூடிக்கொண்டான். சிபிச்சன் உடைந்த சுவரைச் சரிசெய்யக் கல் கொத்தப் போனான். அன்றைக்கே மற்றவர்கள் ஒவ்வொருவராக வேறு சர்வருக்கு, அதாவது இதே ஆட்டத்தின் வேறொரு தீவுக்குப் போய்விட்டார்கள். தூங்குகிறவளும் காவல்காரனுமாக அந்த வீடு கிடந்தது.

முதல் வியாழக்கிழமை பிரளயம் வந்தது. அதற்கு முன்பே அவன் லின்ஸிக்குச் செய்தி அனுப்பியிருந்தான்: "வியாழன் புதுசா ஆரம்பிக்குது. நீயும் வா. இந்தத் தடவை பனிமலைக்குப் போலாம்." அவள் ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பினாள். அதை வரேன் என்றுதானே எடுத்துக்கொள்வோம்? புதுத் தீவின் கடற்கரையில் சிபிச்சன் கல்லோடு நின்றான். ஓடு, பாய் விரி, நிற்காதே என்று சொல்லிக்கொடுத்தவன் நின்றான். கண்டவனெல்லாம் அவனைக் கொன்றுவிட்டுப் போனான். விழித்து, திரும்பவும் அதே கடற்கரைக்கு வந்து நின்றான். அவள் வரவில்லை.

சில நாள் கழித்து ஷமீல் கூப்பிட்டான். குரலில் பழைய கோபம் இல்லை, ஒரு சிரிப்பு இருந்தது.

"இச்சாயா, உங்க வீட்டுக்காரி என்னைப் போட்டுத் தள்ளிட்டாங்க!"

"என்னது?"

"சத்தியமா! ஐரோப்பாக்காரங்க சர்வர்ல வேற பேர்ல போயிருந்தேன். ஒரு பொம்பளை குதிரையில வந்து ஒரே போடு. நான் மலையாளத்துல நல்லா ரெண்டு வார்த்தை திட்டினேனா, 'ஸாரிடா மோனே'ன்னு சொல்லிட்டு என் பையைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டாங்க. பேரைப் பாத்தா நம்ம லின்ஸி சேச்சி. கூட இன்னும் நாலஞ்சு பொம்பளைங்க. ஒரே சிரிப்பு, கும்மாளம். ரொம்ப நாளா அங்கதான் ஆடறாங்களாம். நீங்க சொல்லிக் குடுத்தது வீண் போகல இச்சாயா!"

மறுமுனையில் சத்தமே இல்லை என்று கொஞ்சம் தாமதமாகத்தான் ஷமீலுக்கு உறைத்தது. "இச்சாயா… உங்களுக்குத் தெரியும்னு நெனைச்சேன்" என்றான்.

சிபிச்சன் போனை வைத்துவிட்டான். எவனோடாவது ஓடிப்போனாள் என்று கேட்டிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. அழலாம், திட்டலாம், ஊரும் கூடச் சேர்ந்து திட்டும். இதை யாரிடம் போய்ச் சொல்வது? என் மனைவி விளையாடப் போகிறாள், என்னைக் கூட்டிக்கொள்ளவில்லை என்றா?

ஞாயிற்றுக்கிழமை குர்பானா முடிந்து வந்து போன் செய்தான். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. "இப்பல்லாம் தீவுப் பக்கம் வர்றதில்லையே நீ" என்று மட்டும் கேட்டான்.

"எங்க இச்சாயா நேரம்? கண்ணு முழிச்சா டியூட்டி. அந்த லேப்டாப்பைத் தொட்டே நாளாச்சு" என்றாள் லின்ஸி. "அம்மச்சி மாத்திரை ஒழுங்கா சாப்பிடறாங்களா?"

"சாப்பிடறாங்க. நீ உடம்பைப் பாத்துக்க" என்று சொல்லி வைத்துவிட்டான்.

அந்த வாரமே ஷமீல் சொன்ன சர்வருக்குப் போனான், தன் பெயரை மாற்றிக்கொண்டு. எல்லோரையும் போல அம்மணமாக, கல்லோடு. ஆள் தெரியாத தீவு. எத்தனை முறை செத்தான் என்று அவன் கணக்கு வைக்கவில்லை. கரையோரமாகவே நடந்து, ஓநாய்க்கும் குளிருக்கும் தப்பி, ஆட்களைக் கண்டால் புதரில் படுத்து, ஒரு மதியம் அந்த வீட்டைக் கண்டுபிடித்துவிட்டான்.

பார்த்ததும் அவனுக்குப் பதறியது. பனிமலையின் சரிவில், எங்கிருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரி ஒரு பெரிய வீடு. சுவர் முழுக்க ஜன்னல். வாசலில் பூசணிக்கொடி. அடுப்பு எரிந்து புகை மேலே போய்க்கொண்டிருந்தது. வேலியில் குதிரைகள் கட்டியிருந்தன. கதவு அகலத் திறந்து கிடந்தது. புதியவர்கள் செய்யக்கூடாதவை என்று அவன் வருஷக்கணக்காகச் சொல்லி வந்த எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் செய்து வைத்திருந்தார்கள்.

"நில்லு! யார் நீ?" என்று கூரையிலிருந்து ஒருத்தி இங்கிலீஷில் கத்தினாள். கையில் துப்பாக்கி. ரோவீனா என்று தலைக்குமேல் பெயர் தெரிந்தது. வார்டில் கூட வேலை செய்கிற பிலிப்பைன்ஸ் பெண், லின்ஸி முன்பெல்லாம் இவளைப் பற்றிப் பேசியிருக்கிறாள்.

சிபிச்சன் மைக்கைப் போட்டான். "சுடாதீங்க. கையில ஒண்ணுமில்ல" என்று தன் கோட்டயத்து இங்கிலீஷில் சொன்னான்.

வேலியோரம் குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டிருந்த உருவம் அப்படியே நின்றது.

"இச்சாயா?" என்றது மலையாளத்தில், மெல்ல.

"ம்."

"இங்க எப்படி…?"

"நடந்துதான் வந்தேன்."

என்ன கேட்பது என்று தெரியாமல் அவன், "கதவு தொறந்து கெடக்குதே" என்றான்.

"கெடக்கட்டும்."

"எவனாவது வந்து எல்லாத்தையும்…"

"வந்தாங்க இச்சாயா. ஒண்ணுவிடாம எடுத்துட்டுப் போனாங்க. நாங்க மறுபடி கட்டினோம்."

"அங்க நீ தூங்கிக்கிட்டு இருந்த கொச்சே. நான் தெனமும்…" அவனால் முடிக்க முடியவில்லை.

"தெரியும். ஒருநாள் வந்தேன்" என்றாள் லின்ஸி. "நீங்க இல்ல. ரப்பர் தோட்டத்துல இருந்திருப்பீங்க. கதவு பூட்டியிருந்துச்சு. என் பையில பாத்தா அவ்வளவு கறி! யாரு இவ்வளவையும் தின்னுவா? அந்தக் கதவையே பாத்துக்கிட்டுக் கொஞ்ச நேரம் நின்னேன். அப்புறம் லேப்டாப்பை மூடிட்டுப் போய்ப் படுத்துட்டேன். அன்னிக்குத்தான் ரோவீனா எங்க கூட வர்றியான்னு கேட்டா."

"நம்பர் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

"கேட்டேனே இச்சாயா."

கேட்டாள்தான். அவன்தான் அப்புறம் என்றான். சிபிச்சன் நாற்காலியில் சாய்ந்து கண்ணை இறுக மூடிக்கொண்டான். திறந்தபோதும் அவள் அங்கேயே நின்றிருந்தாள், குதிரையின் கயிறு கையில் இருந்தது. இத்தனை மாதமாகக் கேட்கத் துணியாததை அப்போது கேட்டுவிட்டான்.

"பேப்பர் போட்டியா லின்ஸி?"

"இல்ல."

"வீடு அமையலன்னு சொன்னியே."

"வீடெல்லாம் அமைஞ்சு ரொம்ப நாளாச்சு இச்சாயா." குரல் உடைந்தது. "போடணும்னு எடுப்பேன். எடுத்து வச்சுட்டு உக்காந்திருப்பேன். கையெழுத்துப் போட வரல. உங்க மேல கோபமெல்லாம் இல்ல. இங்க வந்துதான் நான் நெனைச்ச எடத்துக்குப் போறேன், வர்றேன். நீங்க வந்தா… எனக்குச் சொல்லத் தெரியல."

"இனிமே போடுவியா?"

அவள் குதிரைக்கு இன்னும் கொஞ்சம் புல் போட்டாள். போடமாட்டாள் என்று அவனுக்குப் புரிந்தது. அழுகை வந்தது. மைக் திறந்திருக்கிறதே என்று வாயைப் பொத்திக்கொண்டான்.

இவர்கள் பேசிய மொழி புரியாமல் ரோவீனா கூரையிலிருந்து இறங்கி வந்தாள். துப்பாக்கியை முதுகில் போட்டுக்கொண்டு, "லின்ஸி, யாரு இவரு? உனக்குத் தெரிஞ்சவரா?" என்றாள்.

சிபிச்சன் காத்திருந்தான்.

"ஆமா. ஊர்ல தெரிஞ்சவர்" என்றாள் லின்ஸி.

"நல்ல ஆளா?"

"ரொம்ப நல்ல ஆளு."

"அப்பச் சரி!" என்று ரோவீனா கலகலத்தாள். வீட்டுக்குள் ஓடிப்போய் ஒரு கம்பளிச் சட்டையும் கொஞ்சம் சோளமும் கொண்டுவந்து அவன் காலடியில் போட்டாள். "போட்டுக்கோங்க, குளிருது பாருங்க. இந்தப் பக்கத்துக்குப் புதுசா? ஊர்ல நீங்க எங்க, லின்ஸி வீட்டுக்குப் பக்கமா?"

சிபிச்சன் சோளத்தை எடுத்துக்கொண்டான். கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டான்.

"பக்கத்து வீடு மேடம்" என்றான்.

லின்ஸி குதிரை பக்கமாகத் திரும்பிக்கொண்டாள். இல்லை என்று அவள் சொல்லவில்லை.